உலகம் அழியாமல் போன மறுநாள் உங்கள் ஊரில் என்ன நடந்தது?

மேலவீதிக்காரர்:

உலகம் அழியப் போகிறது என்று புரளி கிளம்பிய கதையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆர்வம் அதில் இல்லை. தேதி வந்து, ஒன்றும் நடக்காமல், மறுநாள் வழக்கம்போல் பால்காரர் மணி அடித்தபோது நம்பியவர்கள் என்ன சொன்னார்கள்? அதைப் பகிருங்கள்.

நானே தொடங்குகிறேன். அப்பா சொல்லிக் கேட்டது. 1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை அஷ்டகிரக சேர்க்கை. சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, சுக்கிரன், சனி, கூடவே கேது, எல்லாம் மகர ராசியில். 5ஆம் தேதி அமாவாசை, சூரிய கிரகணமும் சேர்ந்துகொண்டது. நாடு முழுக்க யாகம், ஹோமம், அகண்ட பஜனை. நேரு இதைச் சிரித்து ஒதுக்கினார்; ஊர் ஒதுக்கவில்லை. "போனாலும் எல்லோரும் ஒன்றாகப் போவோம்" என்று அத்தை குடும்பம் மூட்டை முடிச்சோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டதாம்.

கவனியுங்கள், பஞ்சாங்கக் கணக்கு துல்லியமாக இருந்தது. கிரகங்கள் வானத்தில் ஒரே பக்கம் நின்றது உண்மை. அதிலிருந்து அழிவுக்குத் தாவியதற்குத்தான் கணக்கே கிடையாது. பூமிக்கு மிக அருகில் வரும் சுக்கிரன், அப்படி வரும்போதுகூட, சந்திரன் நம் கடலில் எழுப்பும் ஏற்றவற்றத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் எழுப்புவதில்லை.

மறுநாள் என்ன ஆயிற்று? ஹோமம் பண்ணியதால் தப்பித்தோம் என்றார்கள். இதை யாரால் மறுக்க முடியும்? அக்டோபரில் சீனப் போர் வந்ததும் அதே ஆட்கள், "பார்த்தாயா, அப்போதே சொன்னோமே" என்றார்கள். பிப்ரவரியில் அவர்கள் சொன்னது உலகம் அழியும் என்று. அக்டோபரில் அது நாட்டுக்குக் கெடுதல் என்று சுருங்கிவிட்டது. அத்தை குடும்பம் மட்டும் சிவராத்திரி வரை ஊருக்குக் கிளம்பவில்லை.

ஆட்டுக்காரன்:

ஸ்கைலாப் விழுந்த 1979 ஜூலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் நான். அமெரிக்காவின் விண்வெளி ஆய்வுக்கூடம், 77 டன் எடை, எங்கே விழும் என்று விட்டவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. எங்கள் ஊரில் அது "உலகமே தீப்பிடிக்கும்" என்று ஆகிவிட்டது. சாகத்தானே போகிறோம், சாப்பிட்டுச் சாவோம் என்று தெருவில் வீட்டுக்கு வீடு கோழி அடித்தார்கள். ஒருத்தர் சினை ஆட்டையே வெட்டிவிட்டார். இன்னொருத்தர் கடைக்காரரிடம் வாங்கிய கடன் இனி இல்லை என்று நிம்மதியாகத் திரிந்தார்.

11ஆம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சிதறி விழுந்தது. மறுநாள் கடைக்காரர் காலையிலேயே நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கோழிக்கூடுகள் எல்லாம் காலி. பயத்தைக் கிளப்பியது யார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லோரும் சேர்ந்துதானே கிளப்பினோம். ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் என்ற ஊரின் உள்ளாட்சி மன்றம், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது என்று பின்னால் படித்தேன். அந்தப் புத்தி எங்கள் பஞ்சாயத்துக்கு வரவில்லையே!

பழைய கோபால்:

பெயரைப் பார்த்து ஆள் பெயர் என்று நினைக்காதீர்கள், கோபால் (COBOL) என்பது பழைய கணினி மொழி. 90களின் கடைசியில் சென்னையில் ஒய்2கே வேலை, அதாவது 2000ஆம் வருடம் பிறந்ததும் கணினிகள் தேதியில் குழம்பாமல் திருத்தும் வேலை பார்த்தவன். இந்த மாதிரிப் பேச்சு எங்கே வந்தாலும் ஸ்கைலாப், மாயன் நாட்காட்டி வரிசையில் ஒய்2கேயையும் சேர்த்து, "அதுவும் புஸ்ஸுன்னு போச்சே" என்று சிரிக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வரும்.

அந்தக் காலத்தில் நினைவகம் விலை அதிகம். அதனால் வருடத்துக்கு இரண்டே இலக்கம். 1965இல் பிறந்தவருக்கு 65. 2000 வந்தால் 00. வயது எவ்வளவு? 00 கழித்தல் 65. கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காத கோபால் புலத்தில் (எண்ணை வைக்கும் கட்டத்தில்) அது வெறும் 65 என்று விழும். 35 வயதுக்காரர் ஓய்வூதியத்துக்குத் தகுதியாகிவிடுவார். திரை அணையாது, எச்சரிக்கை வராது, தப்பான எண் அமைதியாக அடுத்த கோப்புக்குப் போகும். நாங்கள் பயந்தது இதற்குத்தான். விமானம் விழும், ஏவுகணை தானாகக் கிளம்பும் என்றெல்லாம் சொன்னது தொலைக்காட்சி.

வேலையே தேடுவதுதான். புரோகிராமில் தேதி எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். எழுதிய ஆள் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருக்கும். புலத்துக்கு என்ன பெயர் வைத்திருப்பார் என்பது அவருக்கே வெளிச்சம். அப்புறம் லீப் வருடத் தலைவலி. நூறால் வகுபடும் வருடம் லீப் இல்லை என்ற விதியை மட்டும் தெரிந்துகொண்டு, நானூறால் வகுபட்டால் லீப்தான் என்பதை மறந்து எழுதிய புரோகிராம்களில் 2000 பிப்ரவரி 29 என்ற நாளே கிடையாது.

ஜனவரி 1 பெரிய விபத்து இல்லாமல் போனது. சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தன. அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இணையதளம் வருடத்தை 19100 என்று காட்டியது. நியூயார்க் மாநிலத்தில் ஒரு வீடியோ கடைக் கணினி, கேசட்டை நூறு வருடம் தாமதமாகத் திருப்பியதாகச் சொல்லி 91,250 டாலர் கேட்டது. மறுநாள் எங்களுக்குக் கிடைத்த பட்டம், "ஒன்றும் இல்லாததைக் காட்டிக் காசு பார்த்தவர்கள்". ஜோசியர் சொன்னது நடக்கவில்லை என்றால் பரிகாரம் பலித்தது என்கிறீர்கள். நாங்கள் நிஜமாகவே பரிகாரம் செய்தோம், எங்களைப் பொய்யன் என்கிறீர்கள்.

மேலவீதிக்காரர்:

கோபால் சார், கோபிக்காதீர்கள். இத்தாலி மாதிரி ரொம்பக் குறைவாகச் செலவழித்த நாடுகளும் தப்பித்தனவே? ஹோமம்காரர்களிடம் கேட்கும் கேள்வியை உங்களிடமும் கேட்க வேண்டும் இல்லையா?

பழைய கோபால்:

நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் கொஞ்சம் பேர் பயத்தை ஊதித்தான் காசு பார்த்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் குறைவாகச் செலவழித்த நாடுகளும் நாங்கள் திருத்திய அதே மென்பொருள்களைத்தான் வாங்கி ஓட்டின. அதோடு, கணினியில் தேதியை மாற்றி வைத்துத் திருத்தத்துக்கு முன் என்ன ஆகிறது, பின் என்ன ஆகிறது என்று யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஹோமத்தை அப்படிச் சோதிக்க முடியுமா?

நாகப்பட்டினத்தான்:

சிரிப்பு நடுவில் இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும்.

2004 டிசம்பர் 30. சுனாமி வந்து நான்காம் நாள். இன்னும் உடல்களை எடுத்துக்கொண்டிருந்தோம். மறுபடி அலை வரலாம் என்று தில்லியிலிருந்தே எச்சரிக்கை. முகாமில் இருந்தவர்கள், சமையல் செய்தவர்கள், மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் போட்டது போட்டபடி மேற்கே ஓடினார்கள். பெயர் தெரியாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறியவர்களைப் பார்த்தேன். அலை வரவில்லை. நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒரு அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் தகவல்தான் அதற்கு மூலம் என்று பிறகு தெரிந்தது. இன்ன நாளில் இன்ன இடத்தில் நிலம் நடுங்கும் என்று சொல்லும் வித்தை இன்றைக்கும் எந்த விஞ்ஞானியிடமும் இல்லை.

மறுநாள் யாரும் ஹோமம் என்றோ பரிகாரம் என்றோ பேசவில்லை. நிவாரண லாரிகள் மட்டும் ஒரு நாள் தாமதமாக வந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு புரளி கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் அம்மா பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் போய் இது மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடல் ஒரு தடவை வந்துவிட்டதே.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம். ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் எச்சரித்தது. அதுவும் பலிக்கவில்லை, ஆனால் அது வேறு சாதி. முதலில் நிலம் நடுங்கியது, பிறகுதான் எச்சரிக்கை. கடல்மட்டக் கருவிகளைப் பார்த்தார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நழுவியதால் தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை என்று தெரிந்ததும் சில மணி நேரத்தில் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். அந்த எச்சரிக்கைக்கு இனியும் ஓடுவேன்.

கணக்கு டீச்சர்:

2012 டிசம்பர், அரையாண்டுத் தேர்வு நேரம். மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் மக்களின் நாட்காட்டி 21ஆம் தேதியோடு முடிகிறதாம், அன்று உலகம் அழியுமாம், எதற்கு மிஸ் படிக்கணும் என்று எட்டாம் வகுப்பே கேட்டது. சரி, மாயன் கணக்கையே போடுவோம் என்று பலகையில் எழுதினேன். பக்தூன் என்பது அவர்களின் ஒரு பெரிய கால அளவு, 1,44,000 நாள். பதிமூன்று பக்தூன் 18,72,000 நாள். அது முடிந்தால்? அடுத்தது தொடங்கும், வண்டியின் மீட்டர் சுற்றி வருவது போல. மெக்சிகோவில் உள்ள பலெங்கே கோயில் கல்வெட்டில் மாயன்களே கி.பி. 4772இல் வரும் ஒரு தேதியைக் குறித்திருக்கிறார்கள். பூமியில் மோத வருவதாகச் சொன்ன நிபிரு என்ற கற்பனைக் கோளுக்கு முதலில் கொடுத்த தேதி 2003 மே. அது தப்பியதும் 2012க்கு மாற்றிக்கொண்டார்கள்.

பெரும்பாலும் விளையாட்டாகக் கேட்டவர்கள்தான். ஒரு பிள்ளை மட்டும் சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா வந்து சொன்னபோதுதான் உறைத்தது. டிவியில் தீப்பிழம்பும் பின்னணி இசையுமாக அரை மணி நேரம் ஓட்டிய சேனல் 22ஆம் தேதி என்ன சொன்னது தெரியுமா? வேறு செய்தி வாசித்தது, அவ்வளவுதான்.

ஆட்டுக்காரன்:

நவம்பரில் பதினைந்து நாள் உலகமே இருட்டாகிவிடும், நாசாவே சொல்லிவிட்டது என்று 2015இல் வந்த வாட்ஸ்அப் எங்கள் குடும்பக் குழுவில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வருடத்தை மட்டும் மாற்றுகிறார்கள்.

பழைய கோபால்:

அடுத்த தேதியை நானே கொடுத்துவிடுகிறேன். 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. 1970இலிருந்து விநாடிகளை 32 பிட்டில் (0, 1 மட்டுமே கொண்ட 32 இலக்கத்தில்) எண்ணும் பழைய கணினிகளில் எண்ணிக்கை 2,147,483,647ஐத் தொட்டு, அடுத்த விநாடி 1901க்குக் குதித்துவிடும். வானம் இடியாது. 64 பிட்டுக்கு மாற்றும் வேலை எப்போதோ தொடங்கிவிட்டது. சுவரில் பதித்த, யாரும் திறந்தே பார்க்காத சின்னக் கருவிகள்தான் மிச்சம் இருக்கும். பார்க்கலாம், இந்தத் தடவை 20ஆம் தேதி காலையில் எங்களுக்கு என்ன பட்டம் கொடுக்கிறீர்கள் என்று.