பாசிலோன் பாலத்தைத் தினமும் தாண்டுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

டர்ன்பைக் பயணி:
பதினோரு வருடமாக நான் வேலைக்குப் போகும் வழி. நியூ ஜெர்சி டர்ன்பைக், ராரிடன் ஆற்றுப் பாலம், அதற்கு பாசிலோன் என்று பேர். யாரோ பழைய அரசியல்வாதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன செப்டம்பரில் ராரிடன் ஊருக்குள் வண்டியை மறித்துவிட்டார்கள், ஊர்வலமாம். நண்பன் பிறந்தநாளுக்கு நேரமாகிவிட்டது என்று பையன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தான். சரி, இறங்கிப் பார்ப்போம் என்று போனால் இயந்திரத் துப்பாக்கியை ஏந்தி நிற்கும் சிலை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் கதை சொன்னார்.

ஜான் பாசிலோன், அமெரிக்க மரீன் படைவீரர். இரண்டாம் உலகப் போரில், 1942 அக்டோபரில், பசிபிக்கின் குவாடல்கனால் தீவில் ஜப்பானியரோடு நடந்த சண்டைக்காக மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர், அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருது அது. அப்புறம் போர்ச் செலவுக்குப் பணம் திரட்டும் பத்திரங்களை விற்க ஊர் ஊராக மேடையேற்றினார்கள். அதிகாரிப் பதவியும் தருகிறோம் என்றார்கள். மனுஷன் வேண்டாம் என்று சொல்லி, திரும்பப் போர்முனைக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். 1944 ஜூலையில் கல்யாணம். ஏழே மாதத்தில் ஐவோ ஜிமா, ஜப்பானியர் காத்து நின்ற தீவு. முதல் நாளே, பிப்ரவரி 19. அவருடைய படைப்பிரிவு நகர முடியாமல் கிடக்கிறது. இவர் எதிரியின் கான்கிரீட் அரணைப் பக்கவாட்டில் சுற்றிப்போய், அதன் தலைமேலேயே ஏறி, கையெறி குண்டும் வெடிமருந்தும் போட்டு ஒற்றை ஆளாக முடிக்கிறார். பிறகு கண்ணிவெடிக்குள் மாட்டிய டாங்கிக்கு வழிகாட்டி வெளியே கொண்டுவருகிறார். கொஞ்ச நேரத்தில், விமான ஓடுதளத்தின் விளிம்பில், சாவு. வயது 28.

பையன் கேட்டான்: "அவர் வேலைதான் முடிஞ்சிருச்சே, ஏன்பா திரும்பிப் போனார்?" பெரியவர் என்னைப் பார்த்தார். நான் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி பாக்கெட்டைத் தடவினேன்.

நைட் டியூட்டி நர்ஸ்:
நான் பென்சில்வேனியாவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபோது ஒரு தாத்தா இருந்தார். மாத்திரை டப்பாவில் கறுப்பு மணல் வைத்திருப்பார். ஐவோ ஜிமா மணல். எரிமலைச் சாம்பல் என்கிறார்களே என்று மாவு மாதிரி நினைக்காதீர்கள். வறுத்த ரவை மாதிரி நறநறவென்று இருக்கும். அதில் ஓடவே முடியாதாம், ஓர் எட்டு வைத்தால் முக்கால் எட்டு வழுக்கிவிடுமாம். பாசிலோனைப் பார்த்தீர்களா தாத்தா என்று கேட்டேன். "அன்னிக்கு ஒரே நாள்ல 30,000 பேர் இறங்கினோம். எனக்கு முன்னாடி இருந்தவன் பூட்ஸைத் தவிர எதையும் பார்க்கலை" என்றார். ஒரு ராத்திரி மேசை துடைக்க டப்பாவைச் சாய்த்துவிட்டேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். மணிக்கட்டை அப்படிப் பிடித்தார், விரல் தடம் காலைவரை இருந்தது.

யோகோஹாமா தம்பி:
அண்ணே, தப்பாக நினைக்காதீர்கள், கதையில் அந்த அரணுக்குள் இருந்தவர்கள் ஆட்களாகவே வரவில்லை. ஜப்பானியத் தளபதி குரிபயாஷி, இறங்கிய அமெரிக்கர்களால் கரை நிரம்பும்வரை பெரிய பீரங்கிகளைச் சுடாமல் வைத்திருந்தார், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டியிருந்தார்கள். அங்கிருந்த 21,000 ஜப்பானிய வீரர்களில் உயிரோடு பிடிபட்டது சுமார் ஆயிரம். கிட்டத்தட்ட பாதிப் பேருடைய எலும்புகள் இன்னும் தீவிலேயே கிடக்கின்றன. என்னுடன் வேலை செய்பவர் தன் தாத்தா கல்லறைக்குக் கூட்டிப்போனார். உள்ளே அஸ்தி இல்லை. போர் முடிந்து வந்த பெட்டியைப் பாட்டி திறந்தபோது ஒரு கூழாங்கல் இருந்ததாம். அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி மாலுமி:
தம்பி, ஒருவர் தைரியத்தைப் பேசினால் அடுத்தவர் சாவை மறுத்ததாக ஆகாது. நர்ஸம்மா சொன்னதில் அந்தத் தாத்தாவும் யாரையும் எதிரி என்று சொல்லவில்லையே. அப்புறம், பயணி சார் எதனால் சாவு என்று சொல்லாமல் விட்டதும் சரிதான். ஐவோ ஜிமாவுக்காக அவருக்குக் கொடுத்த நேவி கிராஸ் விருதுப் பத்திரத்தில் மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியின் குண்டு என்றிருக்கிறது, துப்பாக்கிக் குண்டு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. என் அனுபவம் சின்னது. ஜப்பானிலிருந்து குவாம் போகும்போது விடியற்காலை காவல் முறையில் ஐவோ ஜிமாவின் சுரிபாச்சி மலை தெரிந்தது. 169 மீட்டர்தான், கவிழ்த்த கொட்டாங்குச்சி மாதிரி. ஐவோ என்றால் கந்தகம். வாடை வருகிறது என்று போசன், அதாவது எங்கள் மாலுமித் தலைவர், சத்தியம் செய்தார். எனக்கு டீசல் வாடைதான் வந்தது.

வர்ஜீனியா வாசி:
எல்லாரும் படித்துவிட்டு உட்கார்ந்திருக்காமல், பாசிலோன் அடக்கமான ஆர்லிங்டன் தேசியக் கல்லறைக்குப் போய் வாருங்கள். நான் ஒரு தடவைதான் போனேன், மழை, பாதியில் திரும்பிவிட்டேன். ஆனால் சொல்கிறேன். மெட்ரோவில் நீல வழித்தடம், கல்லறைக்கென்றே ஒரு நிலையம் இருக்கிறது. பிரிவு 12. பக்கத்துக் கற்களில் எழுத்து கறுப்பு, அவருடையதில் தங்க நிறம், மெடல் ஆஃப் ஆனர் வாங்கியவர்களுக்கு அப்படித்தான். தூரத்திலிருந்து தெரியும் என்று நம்பாதீர்கள், கிட்டே போனால்தான் தெரியும். சுரிபாச்சி மலையில் மரீன்கள் கொடி ஏற்றும் சிலையைப் பார்த்துவிட்டு "இதில் பாசிலோன் யார்" என்று கேட்டு நிற்காதீர்கள். அந்தக் கொடி ஏறியது பிப்ரவரி 23, அவர் போய் நாலு நாள். அந்தச் சிலை கல்லறைக்கு வெளியே, ராஸ்லின் பக்கம், தனி நடை. மனைவி லீனாவும் மரீன் சார்ஜண்ட்தான், 1999இல் இறக்கும்வரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவரை அங்கே தேடாதீர்கள், அவர் கலிஃபோர்னியாவில். பயணி சார், பையனைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஆகஸ்டில் வேண்டாம், நிழலே கிடையாது. தொப்பி, தண்ணீர் பாட்டில். பழைய செருப்பு வேண்டாம், என்னுடையது அங்கேதான் அறுந்தது.