குளியலறைக்கு எந்த மிக்சர் குழாய் வாங்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். குளியல் தொட்டிக்கும் ஷவருக்கும் பொதுவாக இருக்கும் மிக்சர் குழாயை (சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தருவது) மாற்றப் போகிறேன். பழையதில் தண்ணீரைத் தொட்டிக்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் தேய்ந்துபோய், ஷவருக்குத் திருப்பினாலும் பாதித் தண்ணீர் கீழேயே கொட்டுகிறது. சுவரிலுள்ள இரண்டு இணைப்புகளுக்கும் நடுவே அளந்தேன், 150 மில்லிமீட்டர். அதனால் சுவரை உடைக்காமல் வெளியே மாட்டும் வகைதான் வேண்டும்.

ஒற்றைக் கைப்பிடி வகை வசதிதான், உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் செராமிக் கார்ட்ரிட்ஜ் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வீட்டில் சின்னக் குழந்தையும் வயதான அம்மாவும் இருக்கிறார்கள், சமையலறையில் யாராவது குழாயைத் திறந்தால் ஷவரில் திடீரென்று சூடு ஏறிவிடுகிறது, எனக்கு அந்தப் பயம்தான் பெரிது. அதற்காகவே தண்ணீரின் சூட்டைத் தானே சீராக வைத்திருக்கும், 38 டிகிரியில் தடுப்பு வைத்த தெர்மோஸ்டாட் வகையைப் பார்க்கிறேன். சரி, அழுத்தம்? மேல்தொட்டி ஷவரிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அதாவது சுமார் 0.3 பார்.

இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் தெர்மோஸ்டாட் குழாய் பயன்படுத்துபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? தண்ணீர் போதுமான அளவு வருகிறதா? அப்புறம், எங்களுடையது உப்புத் தண்ணீர், உள்ளே உப்புப் படிந்தால் நாமே கழற்றிச் சுத்தம் செய்ய முடியுமா, தயவுசெய்து சொல்லுங்கள்.