ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாரோவுக்கு வீடு மாறுகிறோம்: மகளின் ரிசப்ஷன் விண்ணப்பத்தில் எந்த முகவரியைக் கொடுப்பது?

ஈஸ்ட்ஹாம்_அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் 2022 பெப்ரவரியில் பிறந்தவள். ஆகவே 2026 செப்டெம்பரில் தொடக்கப் பாடசாலையின் முதல் வகுப்பான ரிசப்ஷனில் சேர வேண்டும். இப்போது லண்டனில், நியூஹாம் கவுன்சிலுக்கு உட்பட்ட ஈஸ்ட் ஹாமில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மனைவியின் பெற்றோர் ஹாரோவில் இருப்பதால் அவர்களுக்கு அருகிலேயே ஒரு வீட்டை விலை பேசி, விற்பவரும் சம்மதித்துவிட்டார். ஆனால் அவர் வாங்கவிருக்கும் வீட்டுக்காரருக்கு இன்னும் வீடு அமையாததால், பெப்ரவரி நடுப்பகுதிக்கு முன் எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம்) நடக்க வாய்ப்பில்லை என்று எங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) சொல்கிறார். பாடசாலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளோ ஜனவரி 15.

விண்ணப்பத்தை நியூஹாம் கவுன்சிலுக்கு அனுப்புவதா, ஹாரோவுக்கா என்பதே முதற் குழப்பம். மகள் வாரத்தில் இரண்டு நாட்கள் ஹாரோவில் என் மாமனார், மாமியார் வீட்டில் தங்குவதால் அந்த முகவரியைக் கொடுத்தால் என்ன என்று மனைவி கேட்கிறார். வீடு கைக்கு வந்த பிறகு நிதானமாக விண்ணப்பிக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். இன்னொருவரோ, பெயர்பெற்ற பாடசாலையை முதலாவதாகப் போட்டு அது கிடைக்காவிட்டால், இரண்டாவதாகப் போட்ட பாடசாலை நம்மைப் பின்னுக்குத் தள்ளிவிடும் என்று பயமுறுத்துகிறார். இதைக் கடந்து வந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா எழுதியது:

வணக்கம். நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள். மூத்தவனுக்கு இதே சூழ்நிலை வந்தபோது, லண்டனுக்குள்ளேயே ஒரு கவுன்சிலிலிருந்து இன்னொரு கவுன்சிலுக்கு மாறினோம். நீங்கள் எந்தக் கவுன்சிலுக்கு வரி கட்டிக்கொண்டு வசிக்கிறீர்களோ அதன் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கேட்கிற பள்ளி எங்கே இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே உங்கள் விண்ணப்பம் நியூஹாமுக்குப் போகும், அதில் ஹாரோ பள்ளிகளின் பெயர்களையும் எழுதலாம், கவுன்சில்கள் தங்களுக்குள் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை கேட்கலாம்.

காத்திருந்து விண்ணப்பிக்கலாம் என்ற நண்பரின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். கடைசி நாளுக்குள் வந்த விண்ணப்பங்கள் அனைத்துக்கும் இடம் ஒதுக்கிய பிறகுதான் தாமதமானவற்றை எடுத்துப் பார்ப்பார்கள். வீடு மாறுவதை நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டு, ஜனவரிக்குப் பிறகும் ஒரு குறிப்பிட்ட நாள்வரை புதிய முகவரிக்கான சான்றைப் பல கவுன்சில்கள் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் அந்த நாள் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் விஷயத்தில் எக்ஸ்சேஞ்ச் முடிந்த கடிதத்தைச் சொலிசிட்டர் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினார், நாங்கள் திங்கட்கிழமை காலை கவுன்சிலுக்கு அனுப்பினோம், அந்த இரண்டு நாளில் தேதி கடந்துபோயிருந்தது. பழைய முகவரியை வைத்தே தூரத்தை அளந்தார்கள். ஏப்ரலில் கிடைத்தது புதிய வீட்டிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய பள்ளி. ஜூலையில் காத்திருப்புப் பட்டியல் நகர்ந்து பக்கத்துப் பள்ளியில் இடம் வந்தது என்பது வேறு கதை. அந்த மூன்று மாதங்கள் வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டோம் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

பாடசாலை_அலுவலகம் எழுதியது:

ஒரு தொடக்கப் பாடசாலையின் அலுவலகத்தில் 11 ஆண்டுகள் சேர்க்கை வேலை பார்த்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

மாமனார் வீட்டு முகவரியைக் கொடுக்க வேண்டாம். பிள்ளை நிரந்தரமாக, பெற்றோருடனோ சட்டப்படியான பாதுகாவலருடனோ வசிக்கும் வீடுதான் முகவரி. வாரத்தில் சில நாட்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியின் வீடு அதில் அடங்காது. கவுன்சில் வரிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம் என்பதால் இது வெளிப்படுவதற்கு அதிக நேரம் ஆகாது, வெளிப்பட்டால் கொடுத்த இடத்தையே திரும்பப் பெறலாம். உங்கள் மனைவி ஏமாற்ற நினைத்துக் கேட்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. நம் குடும்பங்களில் அம்மம்மா வீடும் நம் வீடுதான். ஆனால் விண்ணப்பப் படிவம் அப்படிப் பார்ப்பதில்லை.

வரிசை பற்றிய அச்சம் பழைய காலத்து மிச்சம். நீங்கள் எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது பாடசாலைக்குத் தெரியாது, தெரிந்து முடிவெடுக்கவும் கூடாது. ஒவ்வொரு பாடசாலையும் தன் விதிகளின்படி உங்கள் மகளை வரிசைப்படுத்தும்: சிறப்புக் கல்வித் தேவைத் திட்டத்தில் அந்தப் பாடசாலையின் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும், அடுத்து அரச பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், பிறகு பெரும்பாலும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் உடன்பிறப்புகள், கடைசியில் தூரம். ஒன்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளில் இடம் கிடைக்கும் நிலை வந்தால், உங்கள் பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதைக் கவுன்சில் கொடுக்கும். ஆகவே உண்மையில் விரும்பும் ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

ஆறையும் ஹாரோவில் போட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒருவர் வீடு அமைந்தால்தான் மற்றவர் மாற முடியும் என்ற இந்தச் சங்கிலியில் ஒருவர் பின்வாங்கினாலும் வீடு கைநழுவிப் போகும், அப்போது ஈஸ்ட் ஹாமிலிருந்து அளந்தால் எந்த ஹாரோ பாடசாலையிலும், அது நிரம்பி வழிகிற பாடசாலை என்றால், இடம் கிடைக்காது. மேலே நான்கு ஹாரோ பாடசாலைகள், கீழே இப்போதைய வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் இரண்டு என்று எழுதுவது புத்திசாலித்தனம். முகவரி உரிய நாளுக்குள் மாறினால் மேலே உள்ளவை வேலை செய்யும். மாறாவிட்டால் கீழே உள்ளவை கைகொடுக்கும்.

வீட்டு முகவர் ‘இந்தப் பாடசாலையின் எல்லைக்குள் உள்ள வீடு’ என்று விளம்பரம் செய்திருந்தால் அதை நம்பி ஒரு பவுண்டும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். லண்டனில் பல பாடசாலைகளுக்கு நிலையான எல்லையே கிடையாது. கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எவ்வளவு தூரம் என்பதே எல்லை, அது ஒவ்வோர் ஆண்டும் மாறும். உடன்பிறப்புகள் அதிகமாக வரும் ஆண்டில் சுருங்கும். முந்தைய ஆண்டுகளின் கடைசித் தூரத்தைக் கவுன்சிலின் சேர்க்கைக் கையேட்டில் பார்க்கலாம். நேர்கோட்டில் அளக்கிறார்களா, நடைபாதை வழியாகவா என்பதையும் அதிலேயே பாருங்கள்.

சைவப்பிள்ளை எழுதியது:

ஹாரோ என்றதும் கிருஷ்ணா அவந்தி பாடசாலை உங்கள் மனத்தில் இருக்குமானால் ஒரு சிறு குறிப்பு. அது 2008இல் தொடங்கிய, அரசு நிதியில் இயங்கும் இந்துப் பாடசாலை. கட்டணம் கிடையாது. சமய அடிப்படையில் இடம் கேட்கும் இத்தகைய பாடசாலைகளுக்கும் கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கும் கவுன்சில் விண்ணப்பம் மட்டும் போதாமல், துணைப் படிவம் ஒன்றைப் பாடசாலைக்கே நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும். கோயிலிலோ தேவாலயத்திலோ கையெழுத்து வாங்க வேண்டியிருந்தால் டிசெம்பரிலேயே கேளுங்கள். தைப்பொங்கல் நேரத்தில் குருக்களைப் பிடிப்பது கடினம்.

ஈஸ்ட்ஹாம்_அப்பா எழுதியது:

மிக்க நன்றி. நியூஹாம் வழியாகவே, இப்போதைய முகவரியிலேயே விண்ணப்பிக்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகள். விலை ஒப்புக்கொண்ட கடிதமும் வங்கியின் மோர்ட்கேஜ் கடிதமும் கையில் உள்ளன, அவை சான்றாகாதா? எல்லாம் தாமதமாகி, ஓகஸ்டில்தான் வீடு மாறினால் மகளின் நிலை என்ன?

பாடசாலை_அலுவலகம் எழுதியது:

அந்த இரண்டு கடிதங்களும் பொதுவாகப் போதாது, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் முடிந்தது என்று சொலிசிட்டர் கொடுக்கும் கடிதத்தைத்தான் கேட்பார்கள், வீடு கைக்கு வரும் கம்ப்ளீஷன் நாளும் அதில் இருக்க வேண்டும். வாடகைக்கு மாறுபவர்களிடம் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைக் கேட்பார்கள். பழைய வாடகை வீட்டை விட்டுவிட்டதற்கான சான்றையும் சில இடங்களில் கேட்பதுண்டு, ஆகவே வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் அறிவித்தலின் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். சான்று ஏற்கப்படும் கடைசி நாள் எது என்று ஹாரோ கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவையும் நியூஹாமையும் இப்போதே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைச் சொலிசிட்டருக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள். சொலிசிட்டர்களுக்கு வீடு மட்டும்தான் தெரியும், பாடசாலை நாட்காட்டி தெரியாது.

ஓகஸ்டில் மாறினாலும் வழி உண்டு. ஏப்ரல் 16 அன்று எந்த இடம் கொடுக்கப்பட்டாலும் முதலில் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்வதால் காத்திருப்புப் பட்டியலில் உங்கள் நிலை பாதிக்கப்படாது, மறுத்தால் கவுன்சில் இன்னொன்றைத் தேடித் தரும் என்ற உறுதியும் கிடையாது. காத்திருப்புப் பட்டியல் யார் முதலில் வந்தார் என்ற கணக்கில் போவதில்லை; ஒவ்வொரு பெயர் சேரும்போதும் அதே விதிகளின்படி மீண்டும் வரிசைப்படுத்துவார்கள். எனவே ஓகஸ்டில் புதிய முகவரி பதிவானவுடன், அந்தப் பாடசாலைக்கு மிக அருகில் இருந்தால், பத்துப் பேரைத் தாண்டி மேலே போகவும் கூடும். வேறு யாரேனும் அதேபோல் வந்தால் கீழே இறங்கவும் கூடும். அந்தப் பட்டியலைக் குறைந்தது டிசெம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும்.

மேல்முறையீட்டில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள். ரிசப்ஷன் முதல் இரண்டாம் ஆண்டு வரை ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்ற சட்ட வரம்பு இருப்பதால், விதியைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்று காட்டினால் ஒழிய வெல்வது அரிது.

உங்கள் மகள் 2027 பெப்ரவரியில்தான் ஐந்து வயதை எட்டுகிறாள். அந்த மார்ச் 31க்குப் பிறகு தொடங்கும் தவணையிலிருந்தே அவளுக்குக் கட்டாயக் கல்வி. அதுவரை சேர்க்கையைத் தள்ளிவைக்கவோ பகுதிநேரமாக அனுப்பவோ உங்களுக்கு உரிமை உண்டு, ஒதுக்கப்பட்ட இடமும் காத்திருக்கும். செப்டெம்பரில் வீடு இரண்டுபட்ட நிலையில் இருந்தால் இது உதவும். செப்டெம்பருக்குப் பிறகு வீடு மாறினால் ஹாரோவுக்கு ஆண்டிடை விண்ணப்பம் (பாடசாலை ஆண்டு தொடங்கிய பின் போடுவது) போட வேண்டும். அதிகபட்சம் 15 பாடசாலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். லண்டனில் பிறப்புகள் குறைந்துவருவதால் பல பாடசாலைகளில் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. எல்லோரும் பெயர் சொல்லும் அந்த இரண்டு மூன்றை விட்டுவிட்டு, மற்றவற்றையும் நேரில் போய்ப் பாருங்கள்.

இரண்டு_பிள்ளைகளின்_அம்மா எழுதியது:

இணையத்தில் விண்ணப்பத்தைத் திருத்தினால் மறுபடியும் ‘சமர்ப்பி’ அழுத்தி, உறுதிசெய்யும் மின்னஞ்சல் வந்ததா என்று பாருங்கள். என் தோழி ஒருவர் பட்டியலை மாற்றிச் சேமித்ததோடு நிறுத்திவிட்டார். அதைக் கவனித்தது ஜனவரி 16ஆம் தேதி.

ஈஸ்ட்ஹாம்_அப்பா எழுதியது:

இன்று நான்கு ஹாரோ, இரண்டு ஈஸ்ட் ஹாம் என்று சமர்ப்பித்துவிட்டோம், மின்னஞ்சலும் வந்துவிட்டது. இரண்டு கவுன்சில்களுக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வந்தவுடன் இங்கே தெரிவிக்கிறேன். மாமியிடம் முகவரி விஷயத்தை மனைவியே சொல்லிவிட்டார்.