தேர்தல் பணிக்கு ஆள் எடுத்த கதைகள்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் எங்கள் பிரிவில் யாரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர முடியாது. எல்லாத் துறைகளும் அனுப்பும் ஊழியர் விவரத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். முதல் குலுக்கலில் ஆள், இரண்டாவதில் தொகுதியும் குழுவும், மூன்றாவதில் சாவடி. குலுக்குவது கணினிதான், ஆனால் நாம் போட்டதைத்தானே அது குலுக்கும்?

ஒருமுறை விலக்குப் பெற்றவர்களைக் கழித்து மீதிப் பேரை எடுக்க, 'இந்தப் பட்டியலில் இல்லாதவர்' என்று பொருள்படும் 'நாட் இன்' போட்டு ஒரு க்வெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, எழுதினேன். ஒரு பெயர்கூட வரவில்லை. பல ஆயிரம் ஊழியர்கள் உள்ள மாவட்டத்தில் சுத்தமாகப் பூஜ்யம்! இரவு ஒன்பது மணிக்கு விலக்குப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தபோதுதான் சிக்கியது. ஒரு வரியில் ஊழியர் எண் காலி. க்வெரி எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லுக்குக் காலியிடம் என்றால் 'இல்லை' அல்ல, 'தெரியாது'. அந்தத் தெரியாத எண் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதால், எவரைப் பற்றியும் 'இவர் பட்டியலில் இல்லை' என்று அது அடித்துச் சொல்லாது. பொருந்தும் வரி ஏதும் இல்லையா என்று மட்டும் பார்க்கும் 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றியதும் அத்தனை பேரும் வந்து விழுந்தார்கள். எண் விடுபட்டிருந்த அந்த அம்மாவும் கூடவே வந்தார். நிறைமாதக் கர்ப்பிணி. அவரைக் கையால் நீக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.

*

நண்பரே, உங்கள் காலியிடம் என் மானத்தையே வாங்கியது. நான் தலைமையாசிரியர். எங்கள் அலுவலகம் அனுப்பிய விவரத்தில் என் ஊதிய நிலையை நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். சாவடியில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை அதைப் பார்த்துத்தானே ஒதுக்குகிறார்கள்? எனக்கு வந்த ஆணை, இரண்டாம் வாக்குப்பதிவு அலுவலர். அதாவது விரலில் மை வைக்கும் வேலை. சாவடியின் தலைமை அலுவலருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். முந்தைய நாள் மாலை சாவடிக்குப் போனதும் நான் யார் என்று தெரிந்துகொண்டு, "சார், நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்" என்று எழுந்து நின்றுவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? மறுநாள் மாலை வரை மை வைத்தேன். என் ஆள்காட்டி விரல் கறை போக ஒரு மாதம் ஆனது.

*

எங்கள் பக்கம் தொல்லை பெயரில்தான். ஆங்கிலத்தில் தமிழ்ச்செல்வியை ஒரு ஒன்றியத்தில் 'எல்' போட்டு எழுதியிருந்தார்கள். மாறுதலாகிப் போன ஒன்றியத்தில் 'இசட் எச்'. ஒரே ஆசிரியைக்கு இரண்டு பதிவு, ஒரே நாளுக்கு இரண்டு ஆணை. ஒலி ஒற்றுமை பார்க்கும் சவுண்டெக்ஸும் கைவிட்டுவிட்டது. அது 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை, அதற்கு நம் ழகரம் எங்கே தெரியும்? பிறந்த தேதியையும் சம்பள வங்கிக் கணக்கு எண்ணையும் சேர்த்து ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அதற்குள் அவரே இரண்டு ஆணையையும் எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்துவிட்டார். "இரண்டில் எது வீட்டுக்குப் பக்கம், பார்த்துச் சொல்லுங்கள் சார்."