ஆராய்ச்சியாளர் பேட்டி பாடம் மாதிரியே வருகிறது, பொய் கலக்காமல் கதையாக்குவது எப்படி?

கேட்டவர்: ஒலிப்பெட்டி

வணக்கம். நானும் ஒரு தோழியும் சேர்ந்து பாட்காஸ்ட் நடத்துகிறோம். ஓர் ஆராய்ச்சியாளரைக் கூப்பிட்டு, அறிவியல் படிக்காதவருக்கும் புரிகிற மாதிரி பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான் எண்ணம். இதுவரை ஆறு பேட்டி முடித்திருக்கிறோம். ரெக்கார்டரை ஆன் செய்வதற்கு முன்னால் அவ்வளவு சுவாரசியமாகப் பேசுகிறவர்கள், ஆன் செய்ததும் கருத்தரங்கு மேடையில் ஏறிவிடுகிறார்கள். "உங்கள் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் முதல் பத்து நிமிடம் வரையறைகளிலேயே போய்விடுகிறது.

போன முறை நாங்களே வெட்டி ஒட்டிக் கதை ஆக்கினோம். தனியாக ஒருவர், நள்ளிரவு, திடீரென்று விடை. கேட்டவர்களுக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் பேட்டி கொடுத்தவர் வருத்தப்பட்டார். "அப்படி ஓர் இரவு நடக்கவே இல்லையே, அது எங்கள் குழுவின் இரண்டு வருட வேலை" என்றார். அவர் சொன்னது நியாயம்தான், எனக்கு மனசே சரியில்லை. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

பதில்: அலைவரிசை

நான் வானொலியில் பல வருடம் இருந்தவன். "ஆராய்ச்சியைப் பற்றி" என்று கேட்டால் கட்டுரைச் சுருக்கம்தான் வரும், வேறு என்ன வரும்? நடந்ததைக் கேளுங்கள். எந்த நாள், மேசையில் என்ன இருந்தது, எதைத் தூக்கிப் போடப் பார்த்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள்.

ஓர் உதாரணம். 1982-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பைத் திசுவில் இருந்த பாக்டீரியாவை வளர்க்கப் பார்த்தார்கள். இரண்டு நாளில் எதுவும் வளராவிட்டால் கிருமி வளர்க்கும் தட்டைக் கழித்துவிடுவது ஆய்வக வழக்கம். ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்ததால் சில தட்டுகள் கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே கிடந்தன, அதில்தான் கிருமி தெரிந்தது. மெதுவாக வளரும் கிருமி என்பதை ஒரு வரையறையும் இல்லாமல் கேட்பவர் பிடித்துக்கொள்கிறார் பாருங்கள். அந்தக் கிருமி நோய் தரும் என்று காட்ட 1984-ல் மார்ஷல் அதைத் தானே குடித்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள், எனக்கு என்னவோ அந்த விடுமுறைத் தட்டுதான் பெரிய கதை.

பதில்: சோதனைக்குழாய்

அலைவரிசை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நான் ஆய்வகத்தில் இருப்பவள். அந்தக் குடித்த கதையில்தான் வழக்கமாகத் தப்பு நுழைகிறது. "குடித்தார், அல்சர் வந்தது, நிரூபணம் ஆனது" என்று முடித்துவிடுவார்கள். அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் இல்லை. கிருமியை ஒழித்தால் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைகிறது என்று நோயாளிகளிடம் பார்த்துக் காட்டப் பிறகு பல வருடங்கள் ஆயின. 2005-ல்தான் நோபல்.

நாங்கள் வரையறைக்குள் ஒளிந்துகொள்வதற்குக் காரணம் பயம். சக ஆராய்ச்சியாளர்கள் கேட்பார்கள், "இருக்கலாம்" என்று நான் சொன்னது எடிட்டில் "இருக்கிறது" ஆகிவிடும் என்ற பயம். அதனால் வெளியிடும் முன் தகவல் வரும் பகுதிகளை மட்டும் ஒருமுறை கேட்க விடுங்கள், அதை முதலிலேயே சொல்லியும் விடுங்கள். பேச்சு தானாகத் தளரும்.

அப்புறம், தயக்கத்தை வெட்டாதீர்கள், அதுவே கதை. ஒளியை எதுவும் முந்தாது என்பதுதான் இயற்பியல். ஆனால் 2011-ல் ஓபரா என்ற ஆய்வுக் குழுவின் கணக்கில் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிடச் சுமார் 60 நானோ நொடி முந்தி வந்தன. மாதக்கணக்கில் பிழையைத் தேடியும் கிடைக்காமல், மற்றவர்களும் பார்க்கட்டும் என்று வெளியே வைத்தார்கள். 2012-ல் தெரிந்தது, சரியாகப் பொருந்தாத ஒரு ஃபைபர் கேபிள்தான் முக்கியக் காரணம். தேடிய அந்த மாதங்களைப் பற்றி யாராவது பேசினால் நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பேன்.

பதில்: திண்ணைவாசகர்

நான் வெறும் கேட்பவன். எல்லாவற்றுக்கும் கதை தேவையா என்றே எனக்குச் சந்தேகம். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு உரை நிகழ்த்தினார். அணைத்த திரியிலிருந்து எழும் புகையில், திரிக்குச் சற்றுத் தள்ளி நெருப்பைக் காட்டினால், அது புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது மெழுகின் ஆவி என்று கண்ணே சொல்லிவிடும். பொருள் நன்றாக இருந்தால் அதையே முன்னால் வையுங்கள். இன்னொன்று, புரியாதபோது "புரிகிறது" என்று சொல்லாதீர்கள். நீங்கள் நிறுத்திக் கேட்டால்தான் எங்களுக்கும் புரியும்.

கேட்டவர்: ஒலிப்பெட்டி

எல்லோருக்கும் நன்றி. அந்த நள்ளிரவு எபிசோடை நீக்கிவிட்டேன். இன்று அந்த ஆராய்ச்சியாளரிடமே போனில், "எல்லாம் வீண் என்று தோன்றிய நாள் எது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மூன்று மாதம் அளவீடு கெட்டுக்கொண்டே இருந்ததாம், கட்டிடத்தின் லிஃப்ட் ஓடும்போதுதான் கெடுகிறது என்று குழுவின் மாணவி ஒருத்தி நோட்டில் நேரம் குறித்துக் குறித்துக் கண்டுபிடித்தாளாம். சனிக்கிழமை மறுபடி பதிவு செய்கிறோம். அந்த மாணவியும் வருகிறாள், நோட்டையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.