சனிக்கிழமை 60 கிலோ குத்துச்சண்டை இறுதி: நெட்டைப் பொடியனா, கட்டைப் பொடியனா?

உப்புவெளி:
நெட்டைப் பொடியன்தான் வெல்லுவான். இடக்கைக்காரன், முன்னுக்கு நிக்கிறது வலக்கால். அந்தக் கால் எதிரியின்ர இடக்காலுக்கு வெளிப்பக்கமா விழுந்தால் இடக்கை நேர்க்குத்து நடுவால போய் விழும். கட்டையன் உள்ளுக்க வர ரெண்டு எட்டு வைக்கவேணும். அதுக்கிடையில ஜாப்பும் (முன்கையால டக்கெண்டு விடுற குத்து) வாங்குவான், நேர்க்குத்தும் வாங்குவான்.

பாலையூற்று:
அண்ணை, கட்டையன் ஜாப்போட வரமாட்டான். வலக்கை நேர்க்குத்தோட புகுந்து, உடன இடக்கை ஹூக்கை (பக்கவாட்டில வளைச்சு விடுற குத்து) ஈரலுக்கு விடுவான். இடக்கைக்காரன் வலப்பக்கத்தை முன்னுக்கு வச்சு நிக்கிறதால ஈரல் தட்டில வச்சுக் குடுத்த மாதிரி இருக்கும். அந்த அடி சரியா விழுந்தால் முதல் ஒரு செக்கன் ஒண்டும் தெரியாது. பிறகு மூச்சு நிண்டு முழங்கால் மடியும்.

உப்புவெளி:
விழுத்தினாலும் அமெச்சூரில (தொழில்முறை இல்லாத போட்டியில) அதுக்கெண்டு தனிப்புள்ளி இல்லைத் தம்பி. 8 வரை எண்ணுவினம், எழும்பினால் சண்டை தொடரும். உடம்புக்கு அடிக்கிற அடி வேலை செய்ய நேரமும் வேணும். 1971இல தொழில்முறைச் சண்டையில ஜோ ஃபிரேசியர் முகமது அலியை விழுத்தினது 15ஆவது றவுண்டில. இஞ்ச மூண்டு மூண்டு நிமிசமா 3 றவுண்ட்தான். முதலாவதை நெட்டையன் எடுத்தால் மற்றவன் மிச்சம் ரெண்டையும் எடுத்தாகவேணும்.

பாலையூற்று:
அதே ஃபிரேசியர் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில 3 றவுண்ட் சண்டையிலதான் தங்கம் எடுத்தவர். அதுவும் இடக்கைப் பெருவிரல் உடைஞ்ச நிலையில.

உப்புவெளி:
இறுதியில ஐஞ்சு நடுவரில 3–2. ஒரு நடுவர் மாறிப் போட்டிருந்தால் வெள்ளிதான்.

கன்னியா:
ரெண்டு பேரும் நிறையை விட்டிட்டியள். சண்டை நாள் காலமைதான் நிறுக்கிறது, முதல் நாள் நிறுவையில தேறினது கணக்கில வராது. அந்த உயரத்தோட 60க்குள்ள நிக்கிறவன் கடைசி ரெண்டு நாளும் தண்ணியைக் குறைப்பான். இந்தக் கச்சான் காத்தில வேர்வை உடன காஞ்சிடும், எவ்வளவு போச்சுதெண்டே தெரியாது. நிறுத்த கையோட மடக்கு மடக்கெண்டு குடிச்சால் வயிறு ஊதும். உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னேரம் வரைக்கும் குடிக்கவேணும், சோறும் அளவா. இதில பிழைச்சால் முதல்ல ஓயுறது கால். கால் ஓய்ஞ்சால் சுத்தமாட்டான், நேரா பின்வாங்கிக் கயித்தில முட்டுவான்.

பாலையூற்று:
அதைத்தான் நானும் பாத்துக்கொண்டிருக்கிறன். கயித்தில கட்டிப்பிடிச்சுத் தப்பலாம்தான், ஆனால் திருப்பித் திருப்பிப் பிடிச்சால் மத்தியஸ்தர் எச்சரிச்சுப் புள்ளியை வெட்டுவார்.

உப்புவெளி:
கால் நிண்டால் அவன் தன்ர வலப்பக்கம் சுத்துவான், கட்டையன்ர வலக்கை எட்டாது.

கன்னியா:
அந்தப் பக்கம் சுத்தினால் நேரா இடக்கை ஹூக்குக்குள்ள போறான் அண்ணை. வலக்கை நாடியை விட்டு இறங்கக்கூடாது, முழங்கை விலாவோட ஒட்டி இருக்கவேணும். ஜாப் போட்டிட்டுக் கையைப் பதிவா இழுத்தால் முடிஞ்சுது. முதல் நிமிசம் அந்தக் கையைப் பாருங்கோ.

உப்புவெளி:
பாப்பம். என்ர கணக்கு நெட்டையன், 4–1.

பாலையூற்று:
என்ர கணக்கு கட்டையன். மூண்டாவது றவுண்டில மத்தியஸ்தரே நிப்பாட்டுவார்.