பழைய டேட்டாபேஸை ஜாங்கோவில் (பைத்தானின் வெப் கட்டமைப்பு) கோர்த்தவர்கள் வாருங்கள், உங்கள் அனுபவம்?

மில்காரன் (கொழிஞ்சாம்பாறை)

அரிசி மில், டெல்ஃபியில் எழுதின பில்லிங், அடியில் ஃபயர்பேர்டு 2.5 டேட்டாபேஸ். முதலாளிக்கு நெல் இருப்பும் சாக்குக் கணக்கும் போனில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஜாங்கோ கையோடு ஆதரிக்கும் டேட்டாபேஸ்கள் போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூலைட். மற்றதற்கெல்லாம் வெளியார் எழுதின அடாப்டர் (இணைப்பு நிரல்). எங்களுக்குக் கிடைத்தது பழைய ஜாங்கோவுக்கானது, ஒட்டுப் போட்டு ஓட்டினோம். டேபிள் பெயரை ஜாங்கோ மேற்கோளுக்குள் சின்ன எழுத்தில் கேட்கும், ஃபயர்பேர்டு பெரிய எழுத்தில் வைத்திருக்கும், 'டேபிள் அன்னோன்' என்று திரும்பி வரும். இத்தனை வரி போதும் என்று சொல்லும் லிமிட் அதற்குத் தெரியாது, ஃபர்ஸ்ட், ஸ்கிப் என்று கேட்க வேண்டும். இதெல்லாம் எல்லோரும் பட்டதுதான், விடுங்கள்.

மறக்க முடியாதது ஒரு சாயங்காலம். கணக்குப்பிள்ளை பில் போட எண்டர் தட்டுகிறார், திரை அப்படியே நிற்கிறது. வாசலில் லோடு ஏற்றின லாரி, டிரைவர் ஹாரனை விடவில்லை. கணக்குப்பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உங்க வெப் வந்ததுக்கப்புறம்தான் தம்பி இப்படி. காலையில நல்லா ஓடுது, சாயந்தரமானா படுத்துக்குது" என்றார்.

அவர் சொன்னது அட்சர சுத்தம். வெறுமனே படிக்கிற பக்கம்கூட டேட்டாபேஸில் ஒரு வேலைக்கட்டு, அதாவது டிரான்ஸாக்‌ஷனைத் திறக்கும்; இந்த அடாப்டர் அதை மூடவே இல்லை. அது திறந்திருக்கும்வரை மாறிய ரெக்கார்டுகளின் பழைய வெர்ஷன்களை ஃபயர்பேர்டு அப்புறப்படுத்தாது. மில்லில் இருப்பு நாள் முழுக்க மாறுகிறது, குப்பை மலையாகிறது. ஜிஸ்டாட் (ஃபயர்பேர்டின் நிலவரம் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தால் ஓல்டஸ்ட் ஆக்டிவ், அதாவது இன்னும் மூடாததில் மிகப் பழையது, ஒரே எண்ணில் உட்கார்ந்திருக்க, நெக்ஸ்ட், அதாவது அடுத்து வரப்போவது, எங்கேயோ போய்விட்டது. ரீட் கமிட்டட், ரீட் ஒன்லி (முடிந்த மாற்றத்தை மட்டும் பார், எழுதாதே) என்று திறக்க வைத்த பிறகு தொல்லை இல்லை. ஆனால் இன்றைக்கும் பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட எனக்குத்தான் போன் வருகிறது.

தறிச்சத்தம் (நகரி)

மில்காரரே, ஓடுகிற பில்லிங்கில் நேரடியாகக் கை வைப்பதே வேண்டாத வேலை. ராத்திரி ஒரு காப்பி எடுத்து போஸ்ட்கிரெஸில் போட்டுவிட்டு அதிலிருந்து காட்டியிருக்கலாம்.

என் கதை சின்னது. நூல் வியாபாரி, பழைய ஃபாக்ஸ்ப்ரோ டேட்டாபேஸ், அதன் டிபிஎஃப் ஃபைல்கள். எனக்கு முன்னால் இருந்தவர் அவற்றைப் படிக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துப் போயிருந்தார். பாக்கிப் பட்டியலைத் திறந்ததும் வியாபாரியின் முகம் மாறிவிட்டது. கடனைத் தீர்த்துக் கணக்கை முடித்தவர்கள் எல்லோரும் பட்டியலில் நிற்கிறார்கள். அதில் ஒருவர் காலமாகிவிட்டார். அவர் மகன் அப்போது கடையில்தான் இருந்தார், திரையைப் பார்த்துவிட்டார். டிபிஎஃப்பில் அழிப்பது என்றால் ரெக்கார்டின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவே. பேக் (அழித்ததை நிஜமாகவே தூக்கும் கட்டளை) கொடுக்கும்வரை ஆள் உள்ளேயேதான் இருப்பார். அந்த பைட்டை ஸ்கிரிப்ட் பார்க்கவே இல்லை.

ஏலத்தோட்டம் (குமுளி)

ராத்திரி காப்பி எல்லா இடத்துக்கும் ஆகாது அண்ணா. ஏலக்காய் விலை இன்று காலை ஒன்று, மதியம் ஒன்று. நேற்றைய இருப்பை வைத்துக்கொண்டு யார் பேசுவது?

எங்களுடையது ஆபீஸோடு வரும் ஆக்ஸஸ் டேட்டாபேஸ். ஆபீஸ் 32 பிட், பைத்தான் 64 பிட். டிரைவரும் அப்ளிகேஷனும் பொருந்தவில்லை என்று ஓடிபிசி (டேட்டாபேஸை இணைக்கும் விண்டோஸ் பாலம்) ஒரே பிடிவாதம். 64 பிட் டிரைவரைப் போடப் போனால், 32 பிட் ஆபீஸைக் கழற்று என்கிறது. 32 பிட் பைத்தானுக்கு இறங்கி வந்தோம். சரி, அதுவல்ல விஷயம்.

ஆட்கள் பெயர் முழுக்க ஐஎஸ்எம் என்ற பழைய தட்டச்சு மென்பொருளில், யூனிகோடு அல்லாத கார்த்திகா என்ற மலையாள எழுத்துருவில் அடித்தது. பிரவுசரில் வந்தால் மலையாளம் இல்லை, ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கூளம். நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது எஸ்டேட் கிளார்க் பின்னால் வந்து நின்று, கூளத்தைப் பார்த்தே "இது தங்கம்மா, அடுத்தது செல்வராஜ், இது லீவில் போயிருக்கிற குஞ்ஞுமோன்" என்று வரிசையாக வாசித்தார். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காக இதைப் பார்த்துப் பழகியவர். "மாத்த வேண்டாம் மோனே, எனக்கு மனசிலாகும்" என்கிறார்!

பாலக்காடன்

எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். இருக்கிற டேபிளுக்கு மாடல் எழுதினால் மேனேஜ்டு ஃபால்ஸ் (இந்த டேபிளை ஜாங்கோ மாற்றக் கூடாது என்ற குறிப்பு) கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் டேபிள் அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் அந்த டேபிள்களில் கை வைக்கும். டேபிளைப் பார்த்து மாடல் எழுதித் தரும் இன்ஸ்பெக்ட்டிபி கொடுப்பதை அப்படியே நம்பாதீர்கள், ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் சாவி எது என்பதைக் கண்ணால் பாருங்கள். பில் எண், வரிசை எண் இரண்டும் சேர்ந்துதான் சாவி என்றால் பழைய ஜாங்கோ திணறும். 2025இல் வந்த 5.2இல்தான் கூட்டுச் சாவி வந்தது. எந்த டேபிளுக்கு எந்த டேட்டாபேஸ் என்று பிரித்து அனுப்பும் டேட்டாபேஸ் ரூட்டர் எழுதி, யூசர், செஷன், அட்மின் எல்லாவற்றையும் தனி எஸ்க்யூலைட்டில் வையுங்கள். பழையதற்குப் படிக்க மட்டும் அனுமதி உள்ள யூசரைக் கொடுங்கள், அப்போது யார் தடுமாறினாலும் எழுத முடியாது. நகரிக்காரர் சொல்கிற காப்பி முறையிலும் ஒரு சங்கடம் உண்டு: பில்லிங் ஓடும்போது ஃபயர்பேர்டு ஃபைலை அப்படியே காப்பி எடுத்தால் அது கெட்ட காப்பியாகவே வரலாம், ஃபயர்பேர்டின் பேக்கப் கருவியான ஜிபேக் வழியாக எடுக்க வேண்டும். நான் ஃபயர்பேர்டைத் தொட்டதில்லை, ஒரு மருந்துக்கடை மைஎஸ்க்யூஎல்தான்.

மில்காரன் (கொழிஞ்சாம்பாறை)

பாலக்காடன், யாரும் கேட்கவில்லையே! ஆனால் ரூட்டர் விஷயம் சரிதான். குமுளிக்காரரே, கார்த்திகாவை யூனிகோடுக்கு மாற்றினீர்களா, இல்லை கிளார்க்கே போதும் என்று விட்டுவிட்டீர்களா?

ஏலத்தோட்டம் (குமுளி)

மாற்றினேன். கூட்டெழுத்தில் மட்டும் இன்னும் தகராறு. கிளார்க்கின் திரைக்குப் பழைய கூளமே போகிறது, அவர் அதைத்தான் கேட்டார்.